முதலுதவி: ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது

ஒரு கட்டிட வேலை நடக்கும் இடம். சாரம் சரிந்து இரண்டு பேர் கீழே விழுந்துவிட்டார்கள். ஒருவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். கை கோணலாகத் தொங்குகிறது, சட்டையெல்லாம் ரத்தம். இன்னொருவர் சற்றுத் தள்ளி மல்லாந்து கிடக்கிறார், அவரிடமிருந்து சத்தமே இல்லை. ஓடிவந்தவர்கள் எல்லாரும் கத்துகிறவரைச் சுற்றி நிற்கிறார்கள். முதலுதவி கற்றவர் முதலில் போக வேண்டியது சத்தமில்லாமல் கிடப்பவரிடம்.

கத்துகிறவருக்கு மூச்சு ஓடுகிறது. காற்றுப்பாதை திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. அவருடைய வலி பெரிது என்றாலும் அதைப் பார்க்கச் சில நிமிடங்கள் அவகாசம் உண்டு. சத்தமில்லாதவர் மூச்சு விடாமல் இருந்தால் அவருக்கு அந்த அவகாசம் இல்லை. மூளைக்கு ஆக்சிஜன் நின்றால் நான்கைந்து நிமிடங்களில் பாதிப்பு தொடங்கிவிடும். எது உயிரை முதலில் பறிக்கும் என்று கேட்டு, அதை முதலில் கவனிப்பதுதான் முதலுதவி. பேண்டேஜ் சுற்றுவதும் மருந்து தடவுவதும் அதற்குப் பின்னால் வருபவை.

விபத்தோ திடீர் உடல்நலக் குறைவோ ஏற்பட்ட இடத்திலேயே, மருத்துவ உதவி வந்து சேரும்வரை கொடுக்கும் உடனடிக் கவனிப்பு இது. உயிரைக் காப்பது, நிலைமை மோசமாகாமல் தடுப்பது, குணமடைய வழி செய்வது என மூன்று நோக்கங்களைப் பாடப்புத்தகங்கள் சொல்லும். இந்த வரிசையும் முக்கியம். உடைந்த காலுக்கு அழகாகக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது அதே ஆள் ரத்தம் இழந்து இறந்துபோனால் அந்தக் கட்டால் என்ன பயன்?

பொதுமக்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கலாம் என்ற எண்ணம் போர்க்களங்களை ஒட்டிப் பிறந்தது. 1859 ஜூன் 24 அன்று இத்தாலியில் நடந்த சோல்ஃபெரினோ போருக்குப் பிறகு, காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் கவனிப்பாரில்லாமல் கிடந்ததை ஹென்றி டுனான்ட் என்ற வணிகர் பார்த்தார். பக்கத்து ஊர் மக்களைத் திரட்டி, எந்தப் படையைச் சேர்ந்தவர் என்று பாராமல் எல்லாருக்கும் உதவினார். அந்த அனுபவத்திலிருந்துதான் 1863இல் செஞ்சிலுவை இயக்கம் உருவானது. 1877இல் இங்கிலாந்தில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தொடங்கியது. 1882இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஃபிரெட்ரிக் ஃபொன் எஸ்மார்க் என்ற ராணுவ அறுவை மருத்துவர் சாதாரணக் குடிமக்களுக்கு முதலுதவி வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். மருத்துவர் வரும்வரை சும்மா நிற்க வேண்டியதில்லை என்பது அன்றைக்குப் புதிய சிந்தனை. இன்று செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை உலக முதலுதவி தினம்.

முதலுதவியாளர் யார்?

பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்தான் அவர். ஆசிரியர், ஓட்டுநர், காவலாளி, கணக்கர், கல்லூரி மாணவர் என்று யாராகவும் இருக்கலாம். அவர் மருத்துவரோ செவிலியரோ அல்ல. நோயைக் கண்டுபிடிப்பதும் மாத்திரை கொடுப்பதும் எலும்பை நேராக்குவதும் அவர் வேலை இல்லை. இந்த எல்லையைத் தெரிந்துவைத்திருப்பது அவருடைய திறமையில் ஒரு பகுதி. அதனால்தான் நல்ல பயிற்சி வகுப்பில் ‘செய்யாதீர்கள்’ என்ற சொல் ‘செய்யுங்கள்’ என்பதற்குச் சமமாகக் காதில் விழும்.

சம்பவ இடத்துக்கு வந்ததும் அவர் செய்யும் முதல் காரியம் பலருக்கு வியப்பாக இருக்கும். நின்று சுற்றிப் பார்ப்பார். மின்கம்பி அறுந்து கிடக்கிறதா, வாகனங்கள் வந்துகொண்டிருக்கின்றனவா, வாயு வாடை அடிக்கிறதா, மேலே இன்னும் ஏதாவது சரியக் காத்திருக்கிறதா? மின்சாரம் தாக்கியவரை ஓடிப்போய்த் தொட்டால் அடுத்த நொடி இரண்டு பேர் கிடப்பார்கள். முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். நீச்சல் தெரியாதவர் தண்ணீரில் குதிக்கக்கூடாது. கயிறோ மிதக்கும் பொருளோ எறிய வேண்டும். உதவப் போனவரே இன்னொரு நோயாளி ஆகிவிட்டால் மீட்புப் படைக்குப் பாரம் இரட்டிப்பாகிறது. தன் பாதுகாப்பை முதலில் பார்ப்பதைச் சுயநலம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆபத்து இல்லை என்று உறுதியானதும் கிட்டே போய், தோளைத் தட்டி, சத்தமாகக் கூப்பிட வேண்டும்: “ஐயா, கேட்குதா? கண்ணைத் திறங்க!” பதில் வந்தால் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, “நான் முதலுதவி படிச்சிருக்கேன், உதவி செய்யட்டுமா?” என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். தன் உடம்பைத் தொடவிடலாமா என்று முடிவு செய்யும் உரிமை அவருக்குத்தான் உண்டு. தெளிவாகப் பேசும் பெரியவர் ஒருவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தக்கூடாது. ஆனால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கலாம். நினைவில்லாதவர் விஷயத்தில், நினைவிருந்தால் உதவியை ஏற்றிருப்பார் என்று எடுத்துக்கொள்வதே முறை. குழந்தை என்றால் கூட இருக்கும் பெற்றோரிடம் கேட்க வேண்டும். யாரும் இல்லையென்றால் காத்திருக்கக்கூடாது.

உதவிக்கு ஆள் கூப்பிடும்போது பொதுவாக “யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க” என்று கத்தினால், எல்லாரும் வேறு யாரோ கூப்பிடுவார்கள் என்று நின்றுவிடுவார்கள். ஒருவரைப் பார்த்து, விரல் நீட்டி, “நீலச் சட்டை போட்ட தம்பி, நீங்க ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க, பண்ணிட்டு இங்க வந்து சொல்லுங்க” என்று சொல்ல வேண்டும். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டுக் கைகளை வேலைக்கு விடலாம். மறுமுனையில் இருப்பவர் அடுத்து என்ன செய்வது என்று வழிநடத்துவார். அவர் சொல்லும்வரை நீங்களாக இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

மூச்சு இருக்கிறதா?

முதலுதவியில் மிக முக்கியமான கேள்வி இதுதான். தவறாகப் பதில் சொல்லப்படுவதும் இதற்குத்தான். நினைவில்லாதவரின் நெற்றியில் ஒரு கையை வைத்துத் தலையை மெல்லப் பின்னால் சாய்த்து, மறு கையின் இரண்டு விரல்களால் தாடையை உயர்த்த வேண்டும். நினைவிழந்தவரின் தசைகள் தளர்ந்து நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துக்கொள்ளும். தாடையைத் தூக்கினால் அது விலகும். பிறகு அவருடைய வாய்க்கருகே காதைக் கொண்டுபோய், கண்ணால் மார்பைப் பார்க்க வேண்டும். மார்பு ஏறி இறங்குகிறதா, காதில் மூச்சு கேட்கிறதா, கன்னத்தில் காற்று படுகிறதா? பத்து நொடிக்கு மேல் இதற்குச் செலவழிக்க வேண்டாம். நாடி தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம். பயிற்சி குறைந்தவர்கள் பதற்றத்தில் தங்கள் விரலில் துடிக்கும் நாடியையே நோயாளியின் நாடி என்று எடுத்துக்கொள்வதுண்டு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இதயம் நின்ற பிறகும் முதல் சில நிமிடங்கள் சிலர், கரையில் போட்ட மீனைப் போல வாயைத் திறந்து எப்போதாவது ஒரு மூச்சை இழுப்பார்கள். குறட்டை மாதிரி ஒரு சத்தம், பிறகு நீண்ட அமைதி, மறுபடி ஓர் இழுப்பு. சுற்றி நிற்பவர்கள் “மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு” என்று நிம்மதியடைவார்கள். அது மூச்சே அல்ல. சாகும் மூளையின் அடித்தண்டிலிருந்து கிளம்பும் அனிச்சைச் செயல் அது. நினைவில்லை, சீரான மூச்சு இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டதாகவே எடுத்துக்கொண்டு உடனே சிபிஆர், அதாவது மார்பை அழுத்தி ரத்த ஓட்டத்தை நடத்தும் முறையை, தொடங்க வேண்டும். சந்தேகம் வந்தாலும் தொடங்குவதே சரி. துடிக்கும் இதயத்தின் மேல் சில முறை அழுத்திவிட்டதால் பெரிய கேடு நேர்வது அரிது. நின்ற இதயத்தை அழுத்தாமல் விட்டால் மரணம் உறுதி.

வெளியிலிருந்து மார்பை அழுத்தியே ரத்த ஓட்டத்தை நடத்தலாம் என்பதை 1960இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் வெளியிட்டார்கள். அதற்கு முன்பு நின்ற இதயத்தைப் பிசைய மார்பைக் கிழித்துத் திறக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு பள்ளிப் பிள்ளைகூடத் தன் இரண்டு கைகளால் அதைச் செய்ய முடிகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

செய்முறை இதுதான். ஆளைக் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். பக்கத்தில் மண்டியிட்டு, மார்பின் நட்டநடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள். அதன்மேல் மறு கையை வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக்கூடாது. உங்கள் தோள்கள் உங்கள் கைகளுக்கு நேர் மேலே வர வேண்டும். அப்போதுதான் அழுத்துவது கைத்தசையாக இல்லாமல் உடல் எடையாக இருக்கும். 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலே வர விடுங்கள். இதயத்தில் ரத்தம் நிரம்புவது அந்த எழுச்சியின்போதுதான். பயிற்சி இருந்தால் 30 அழுத்தங்களுக்கு 2 முறை வாயோடு வாய் வைத்து ஊதல். பயிற்சி இல்லை, அல்லது ஊத மனமில்லை என்றால் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் மட்டும் ஊதல் அவசியம், ஏனென்றால் அவர்களுடைய இதயம் பெரும்பாலும் ஆக்சிஜன் இல்லாமல்தான் நிற்கிறது.

விலா எலும்பு முறியும் சத்தம் கேட்கலாம். பயந்து நிறுத்திவிடாதீர்கள். கையின் நிலையைச் சரிபார்த்துவிட்டுத் தொடருங்கள். உடைந்த விலா சேர்ந்துவிடும். இது களைப்பான வேலை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும். மாறும் இடைவெளி சில நொடிகளுக்கு மேல் போகக்கூடாது. அழுத்தம் நின்ற கணமே ரத்த அழுத்தம் சரிந்துவிடும். மறுபடி அந்த அளவைப் பிடிக்கப் பல அழுத்தங்கள் ஆகும்.

விமான நிலையம், ரயில் நிலையம், பெரிய வணிக வளாகம் போன்ற இடங்களில் சுவரில் ஏஇடி என்ற கருவி மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவி அது. திறந்து இயக்கியதும் குரலில் வழிகாட்டும். ஓர் ஒட்டுத்தகடு வலது காறை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். மார்பு ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். இதயத் துடிப்பை அதுவே ஆராய்ந்து, தேவைப்பட்டால் மட்டுமே அதிர்ச்சி கொடுக்கச் சொல்லும். அப்போது யாரும் அவரைத் தொட்டுக்கொண்டிருக்கக்கூடாது, அவ்வளவுதான். சிபிஆரும் மின்னதிர்ச்சியும் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நீங்கள் வழக்கமாகப் போகும் இடங்களில் இந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்துவையுங்கள்.

மூச்சு சீராக இருக்கிறது, நினைவு மட்டும் இல்லை என்றால் ஆளை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். உங்கள் பக்கத்துக் கையைச் செங்கோணத்தில் நீட்டிவிட்டு, எதிர்ப்பக்கக் கையின் புறங்கையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்து, எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி உங்களை நோக்கிப் புரட்டுங்கள். வாந்தி வந்தாலும் வெளியே வழிந்துவிடும், நுரையீரலுக்குள் போகாது. பிறகும் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ரத்தப்போக்கு

பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். ரத்தம் பீறிட்டாலோ, தரையில் குளம்போலத் தேங்கினாலோ தாமதிக்க நேரமில்லை. கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு, சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்துப் பலமாக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கக்கூடாது; உறையத் தொடங்கிய ரத்தம் அதோடு பிய்ந்து வரும். துணி நனைந்துவிட்டால் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். குத்தி நிற்கும் கத்தியையோ கண்ணாடியையோ பிடுங்காதீர்கள். அதுவே ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். அதற்கு இருபுறமும் அழுத்தி, அசையாமல் கட்டு போடுங்கள்.

கை காலில் எவ்வளவு அழுத்தியும் நிற்காத ரத்தப்போக்குக்கு மட்டும் டூர்னிக்கெட் என்னும் இறுக்குப்பட்டை. காயத்துக்கு மேலே 5 முதல் 7 சென்டிமீட்டர் தள்ளி, மூட்டின் மேல் படாமல், ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். நன்றாக வலிக்கும். அது எதிர்பார்க்க வேண்டியதுதான். கட்டிய நேரத்தைப் பளிச்சென்று தெரியும்படி எழுதிவையுங்கள். தளர்த்தும் பொறுப்பு மருத்துவர்களுடையது. மெல்லிய கயிறும் கம்பியும் சதையை அறுக்குமே தவிர ரத்தத்தை நிறுத்தாது.

நிறைய ரத்தம் போனவர் வெளுத்து, தோல் குளிர்ந்து வியர்த்து, குழப்பமாகப் பேசுவார். படுக்கவைத்துப் போர்த்திவிடுங்கள். தாகம் என்று கேட்டாலும் தண்ணீர் தராதீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம், வாந்தி எடுத்து மூச்சுக்குழாயில் போகவும் கூடும்.

அடிக்கடி தேவைப்படும் மற்றவை

தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டவர் இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். எந்தத் தட்டலையும்விட இருமலுக்கு வலிமை அதிகம். இரும முடியவில்லை, பேச முடியவில்லை, கழுத்தைப் பிடித்துக்கொள்கிறார் என்றால் முன்னால் குனியவைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். வராவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து, உள்நோக்கி மேல்வாக்கில் ஐந்து முறை இழுத்து அழுத்துங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் வயிற்றில் அழுத்தவே கூடாது, மார்பில்தான். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரலை உள்ளே விட்டால் அது இன்னும் ஆழமாகப் போகும்.

தீப்புண்ணுக்குக் குளிர்ந்த குழாய்த் தண்ணீர்தான் முதல் மருந்து, அதுவும் முழுதாக 20 நிமிடம். பலர் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நெருப்பு விலகினாலும் தோலுக்கு அடியில் தங்கிய வெப்பம் திசுக்களை அழித்துக்கொண்டிருக்கும் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. மோதிரம், வளையல் போன்றவற்றை வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். பற்பசை, எண்ணெய், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். நோயாளியின் ஓர் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடல் பரப்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம். புண் அதைவிடப் பெரிதாக இருந்தாலும், முகத்தில், கையில், மூட்டில் இருந்தாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

வலிப்பு வந்தவரைப் பிடித்து அமுக்குவதும், வாயில் கரண்டியைத் திணிப்பதும், கையில் இரும்பைக் கொடுப்பதும் இன்னும் நடக்கின்றன. தயவுசெய்து நிறுத்துங்கள். பல் உடையும், தாடை விலகும். இரும்பால் வலிப்பு நிற்காது. பக்கத்தில் இடிபடக்கூடிய பொருள்களை அகற்றி, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். துடிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தூக்கியதும் தாழ்ந்தால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்’ என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டியிருப்பதால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். நெஞ்சுவலிக்காரரை நடக்கவிடாதீர்கள், முழங்காலை மடக்கிச் சாய்ந்து உட்காரவையுங்கள். மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்காமல் முன்னால் குனிந்து, மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் போதும். பாம்பு கடித்த இடத்தைக் கீறுவது, உறிஞ்சுவது, மேலே இறுக்கிக் கட்டுவது மூன்றும் தவறு. கடிபட்ட உறுப்பை அசையவிடாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். விஷம் குடித்தவரை வாந்தி எடுக்கவைக்காதீர்கள். புட்டியை மட்டும் கையோடு எடுத்துப் போங்கள். உயரத்திலிருந்து விழுந்தவரை, அங்கேயே இருந்தால் ஆபத்து என்றால் தவிர, இடம் மாற்ற வேண்டாம். கழுத்து எலும்பில் அடிபட்டிருந்தால் ஒரு திருப்பலில் கை கால் செயலிழந்துபோகலாம்.

வண்டி வந்த பிறகும் வேலை உண்டு

கூட்டத்தை விலக்குவது, படம் எடுப்பவர்களைத் தடுப்பது, கிழிந்த உடையை மூடிவிடுவது எல்லாம் முதலுதவியாளரின் கடமைகள். அடிபட்டவரிடம் பேசிக்கொண்டே இருப்பதும் அப்படித்தான். “வண்டி கிளம்பிடுச்சு, நான் இங்கதான் இருக்கேன்” என்ற வார்த்தைக்கு வலி நிவாரணியின் வேலையில் ஒரு பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். ஆனால் “ஒன்னுமில்ல, சரியாயிடும்” என்று தெரியாத ஒன்றை உறுதி சொல்லாதீர்கள்.

ஆம்புலன்ஸ் ஊழியர்களிடம் ஒப்படைக்கும்போது சுருக்கமாக, வரிசையாகச் சொல்ல வேண்டும். “சுமார் 40 வயது. 10.20க்கு ஏணியிலிருந்து விழுந்தார். நான் பார்த்தபோது நினைவு இருந்தது. வலது தொடையில் ரத்தம் பீறிட்டது, அழுத்தியும் நிற்கவில்லை, 10.26க்கு டூர்னிக்கெட் கட்டினேன். பென்சிலின் ஒத்துக்காதுன்னு சொன்னார். கடந்த ரெண்டு நிமிஷமா குழப்பமா பேசுறார்.” இந்த அரை நிமிடப் பேச்சு மருத்துவமனையில் பல கேள்விகளை மிச்சப்படுத்தும். அவருடைய உடல்நிலை பற்றித் தெரிந்துகொண்டதை வேறு யாரிடமும் சொல்லக்கூடாது.

பணியிட முதலுதவியாளர் என்றால் பெட்டியைப் பராமரிப்பதும் அவர் பொறுப்பு. கையுறைகள், கிருமி நீக்கிய காஸ் துணி, வெவ்வேறு அளவு பேண்டேஜ்கள், முக்கோணத் துணி, ஒட்டும் டேப், கத்தரிக்கோல், டார்ச், குறிப்பேடு, பேனா போன்றவை இருந்தால் நல்ல பெட்டி. காலாவதித் தேதியை மாதம் ஒருமுறை பாருங்கள். பூட்டி வைத்துச் சாவியைத் தேட வேண்டிய பெட்டி இருந்தும் இல்லாததுதான்.

உதவி செய்தவரின் மனதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. சரியாக சிபிஆர் செய்தும் பலர் பிழைப்பதில்லை. செய்தவருக்குத் தூக்கம் கெடலாம், அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரலாம். அது பலவீனமல்ல. கூட இருந்தவர்களோடு பேசுங்கள். வாரக்கணக்கில் நீடித்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டதால் மட்டும் யாரும் முதலுதவியாளர் ஆகிவிட முடியாது. 5 சென்டிமீட்டர் ஆழம் எவ்வளவு என்பது பொம்மையின் மார்பை அழுத்திப் பார்த்தால்தான் கைக்குத் தெரியும். பெரும்பாலானவர்கள் முதல்முறை போதிய அளவு அழுத்துவதில்லை. வகுப்பில் சேரும்போது, ஒவ்வொருவரும் பொம்மையில் பயிற்சி செய்ய முடியுமா, ஏஇடி பயிற்சிக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். சான்றிதழ் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும் என்றாலும் கைப்பழக்கம் சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள்.